நாய்க்கு மருந்து கொடுப்பது எப்படி: மாத்திரை, சிரப், கண் சொட்டு, காது மருந்து

7 நாளுக்கு மருந்து, தினம் 2 வேளை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் மொத்தம் 14 தடவை. முதல் தடவை எப்படியாவது கொடுத்துவிடலாம். இரண்டு பேர் சேர்ந்து அமுக்கிப் பிடித்து, வாயைப் பிளந்து திணித்தால் உள்ளே போய்விடும். ஆனால் மூன்றாம் நாள், மாத்திரை அட்டை நொறுங்கும் சத்தம் கேட்டதுமே நாய் கட்டிலுக்கு அடியில் போய் ஒண்டிக்கொள்ளும். நான்காம் நாள் உறுமும். ஐந்தாம் நாள், "அதான் நல்லா ஓடியாடுதே" என்று நாமே மருந்தை நிறுத்திவிடுவோம். அதனால் கீழே சொல்லியிருக்கும் எல்லா முறைகளுக்கும் அளவுகோல் ஒன்றுதான்: இந்த வேளை கொடுக்கும் விதம் அடுத்த வேளையைக் கெடுக்கக் கூடாது.

மருந்துச் சீட்டை வாங்கியதும்

கிளினிக்கை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே டாக்டரிடம் சில விஷயங்களைக் கேட்டுவிடுங்கள். சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா? மாத்திரையை உடைக்கலாமா, பொடிக்கலாமா? பால் பொருளில் வைத்துக் கொடுக்கலாமா? ஒரு வேளை விட்டுப்போனால் என்ன செய்வது? இதே மருந்து சிரப்பாகவோ, நாய்களுக்கென்றே சுவை சேர்த்த மெல்லும் மாத்திரையாகவோ கிடைக்குமா? கடைசிக் கேள்வியைக் கேட்க நிறையப் பேருக்குத் தோன்றுவதில்லை. மாத்திரையோடு ஒரு வாரம் மல்லுக்கட்டிய பிறகுதான் அது சிரப்பாகவும் வரும் என்று தெரியவரும்.

எடை சரியாகத் தெரிய வேண்டும். நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி நில்லுங்கள். பிறகு நீங்கள் மட்டும் ஏறுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நாயின் எடை. வளரும் குட்டியாக இருந்தால் போன மாத எடையை நம்பாதீர்கள்.

அளவை முடிவு செய்வது டாக்டர். ஆனாலும் கணக்கை நீங்களும் ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. 12 கிலோ நாய்க்கு, கிலோவுக்கு 10 மி.கி. வீதம் ஒரு மருந்து என்றால் ஒரு வேளைக்கு 120 மி.கி. சிரப் பாட்டிலில் "5 மி.லி.யில் 200 மி.கி." என்று போட்டிருந்தால் 1 மி.லி.யில் 40 மி.கி. இருக்கிறது. ஆக, கொடுக்க வேண்டியது 3 மி.லி. தப்பு நடப்பது மி.கி.யையும் மி.லி.யையும் குழப்பிக்கொள்ளும்போதுதான். அதே மருந்து அடுத்த தடவை வேறு செறிவில் வந்திருக்கலாம். பாட்டில் மட்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். புதுப் பாட்டில் பிரிக்கும்போதெல்லாம் லேபிளைப் படியுங்கள்.

வீட்டில் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் நாயைக் கவனித்துக்கொண்டால், ஒரு தாளில் தேதியும் வேளையும் கட்டம் போட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். கொடுத்தவர் உடனே டிக் அடிக்க வேண்டும். காலையில் ஒருவர் கொடுத்தது தெரியாமல் இன்னொருவரும் கொடுப்பது எல்லா வீட்டிலும் நடக்கக்கூடியது.

மாத்திரையை உடைப்பது

நடுவில் கோடு இருந்தால் பொதுவாகப் பாதியாக்கலாம். கத்தியால் நறுக்கினால் ஒரு துண்டு பெரிதாகவும் இன்னொன்று சிறிதாகவும் போகும், ஓரம் பொடியாகும். மருந்துக்கடையில் கிடைக்கும் மாத்திரை வெட்டும் சிறு பெட்டியைப் பயன்படுத்துங்கள். உடைத்த மறுபாதியையே அடுத்த வேளைக்கு வைத்துக்கொண்டால், கொஞ்சம் கூடக்குறைய இருந்தாலும் சரிக்கட்டிவிடும்.

உடைக்கவே கூடாதவையும் உண்டு. உடம்புக்குள் மெதுவாகக் கரையும்படி செய்தவை, வயிற்று அமிலம் தாக்காமல் குடலில் போய்க் கரைவதற்காக மேல்பூச்சு போட்டவை, உள்ளே குட்டிக்குட்டி உருண்டைகள் இருக்கும் ஒமிப்ரசோல் (வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மருந்து) கேப்சூல் போன்றவை. மெதுவாகக் கரைய வேண்டியதைப் பொடித்தால் நாள் முழுக்க வேலை செய்ய வேண்டிய மருந்து மொத்தமும் ஒரேயடியாக ரத்தத்தில் ஏறும். புற்றுநோய் மருந்துகளை உடைத்தால் அந்தத் தூள் கொடுப்பவருக்கே ஆபத்து. அவற்றைக் கையுறையோடுதான் தொட வேண்டும். வயிற்றுப் புண்ணுக்குக் கொடுக்கும் மிசோப்ரோஸ்டால் மாத்திரையைக் கர்ப்பிணிகள் கையாளக் கூடாது.

பொடித்துச் சாப்பாட்டில் கலப்பதற்கு இன்னொரு இடைஞ்சல் கசப்பு. மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக்கை முழுதாக விழுங்கும் நாய், அதையே பொடித்துக் கொடுத்தால் வாயெல்லாம் நுரை தள்ளும். பார்ப்பவர்கள் விஷம் ஏறிவிட்டதோ என்று பதறுவார்கள். பெரும்பாலும் அது கசப்புக்குச் சுரக்கும் எச்சில்தான்.

சாப்பாட்டோடா, தனியாகவா

வலி, வீக்கத்துக்கான மருந்துகளைச் சாப்பாட்டோடு கொடுப்பது வழக்கம். வெறும் வயிற்றில் போனால் வயிற்றைப் புண்ணாக்கும் வாய்ப்பு கூடும். ஸ்டீராய்டும் அப்படியே. ஆனால் வலி மருந்தையும் ஸ்டீராய்டையும் ஒன்றுசேரக் கொடுக்கவே கூடாது. வேறு டாக்டரிடம் போனால், நாய்க்கு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மருந்துகள் எல்லாவற்றையும் சொல்லுங்கள். இந்தக் கலவை வீட்டில் கண்டுபிடிக்கப்படாமலேயே நடந்துவிடுகிறது. அமாக்ஸிசிலின்–கிளாவுலனேட் ஆன்டிபயாடிக் வாந்தி வரவழைத்தால் கொஞ்சம் சாப்பாட்டோடு கொடுத்துப் பாருங்கள். ஒமிப்ரசோல் நேர்மாறு: சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு, வெறும் வயிற்றில்.

டாக்ஸிசைக்ளின், என்ரோஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாடிக்குகள் இரண்டையும் பால், சீஸ், தயிரில் வைத்துக் கொடுக்காதீர்கள். அவற்றிலுள்ள கால்சியம் மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மருந்து ரத்தத்தில் சேர்வது குறையும். சுக்ரால்ஃபேட் கொடுக்கும் நாயாக இருந்தால் மற்ற மருந்துகளுக்கும் அதற்கும் குறைந்தது 2 மணி நேரம் இடைவெளி விடுங்கள். வயிற்றுச் சுவரில் பூச்சாக ஒட்டும் மருந்து அது, கூட வரும் மருந்தையும் சேர்த்தே ஒட்டிக்கொள்ளும்.

ஒளித்துக் கொடுப்பது

சாப்பிட மறுக்காத நாய்க்கு முதலில் முயல வேண்டியது இதைத்தான். ஆனால் தட்டு நிறையச் சோற்றைப் போட்டு நடுவில் மாத்திரையைப் புதைப்பது ஒளித்துக் கொடுப்பதில் சேராது. நாய் சுற்றிலும் நக்கித் தின்றுவிட்டு, மாத்திரையை மட்டும் தட்டின் ஓரத்தில் பளபளவென்று கழுவி வைத்துவிட்டுப் போகும். அப்படியே அது மாத்திரையைக் கண்டுபிடித்துவிட்டால் அன்றிலிருந்து சாப்பாட்டின் மீதே சந்தேகம் வரும். உடம்பு சரியில்லாத நேரத்தில் அது சாப்பாட்டை நிறுத்தினால், மருந்து போகாததை விடப் பெரிய தலைவலி.

சரியான முறை மூன்று உருண்டை. வேகவைத்து மசித்த ஈரல், எலும்பில்லாத கறி, நாய்க்கான டப்பா உணவு, மசித்த உருளைக்கிழங்கு என்று ஒட்டும் பதத்தில் எது இருந்தாலும் சரி. நாயின் அளவுக்குத் தக்கபடி, மெல்லாமல் அப்படியே விழுங்கும் அளவில் மூன்று உருண்டை பிடியுங்கள். நடுத்தர நாய்க்குக் கோலிக்குண்டு அளவு போதும். உருண்டை பெரிதானால் நாய் கடிக்கும். கடித்தால் மாத்திரை பல்லில் படும். ஆட்டம் அதோடு முடிந்தது.

1. முதல் உருண்டை வெறும் உருண்டை. கொடுத்து விழுங்க விடுங்கள்.
2. இரண்டாவதில் மாத்திரை. அதை வாயில் கொடுக்கும்போதே மூன்றாவது உருண்டை மறுகையில், மூக்குக்கு எதிரில் தெரிய வேண்டும்.
3. மூன்றாவதைப் பிடிக்கும் அவசரத்தில் நாய் இரண்டாவதை மெல்லாமல் விழுங்கும். உடனே மூன்றாவதைக் கொடுங்கள்.

இதில் பலர் கோட்டைவிடுவது கையில்தான். மாத்திரையைத் தொட்ட விரலாலேயே உருண்டையை உருட்டினால் மருந்து வாடை உருண்டையின் வெளிப்புறத்திலும் ஒட்டிக்கொள்ளும். நாயின் மூக்குக்கு அது போதும். ஒரு கையால் உருண்டையில் குழி செய்து பிடித்துக்கொள்ளுங்கள், மறுகையால் மாத்திரையை உள்ளே தள்ளுங்கள், மாத்திரை தொடாத கையாலேயே குழியை மூடுங்கள். மாத்திரையை நாய்க்கு எட்டாத அறையில், முன்கூட்டியே அட்டையிலிருந்து பிரித்து வையுங்கள். நாய் சத்தத்தை வைத்தும் கற்றுக்கொள்கிறது. மருந்து இல்லாத நாளிலும் இடையிடையே மூன்று வெறும் உருண்டைகளைக் கொடுத்தால் சந்தேகம் தலைதூக்காது.

ரொம்பக் கசக்கும் மாத்திரையாக இருந்தால் காலி ஜெலட்டின் கேப்சூல் வாங்கி அதற்குள் போட்டு மூடி, பிறகு உருண்டையில் வையுங்கள். இதில் சேர்க்கலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டால் இரண்டு மூன்று சின்ன மாத்திரைகளை ஒரே கேப்சூலில் அடக்கிவிடலாம்.

உருண்டைக்கு எதைப் பயன்படுத்தக் கூடாது என்பதும் முக்கியம். வெங்காயம், பூண்டு சேர்ந்த எதுவும், திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட் கூடாது. வேர்க்கடலை வெண்ணெய் நன்றாக ஒட்டும், நாய்களுக்குப் பிடிக்கும். ஆனால் சிலவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பு சேர்க்கிறார்கள். அது நாயின் ரத்தச் சர்க்கரையை மளமளவென்று இறக்கிவிடும், கல்லீரலையும் தாக்கும். லேபிளில் அது ஈ967 என்றும் இருக்கலாம். கணையம் வீங்கிய நாய்க்கு வெண்ணெய், சீஸ், கொழுப்புக் கறி வேண்டாம். ஒவ்வாமைக்காகத் தனி உணவில் இருக்கும் நாய்க்கு அதே உணவின் டப்பா வகையில்தான் உருண்டை பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் பல வாரப் பத்தியம் ஒரு மாத்திரையோடு பாழ்.

கையால் விழுங்க வைப்பது

சாப்பிடாத நாய்க்கும், வெறும் வயிற்றில் போக வேண்டிய மருந்துக்கும் இந்த முறைதான். பழகிய கைக்கு 5 நொடி வேலை.

முதலில் இடம். சின்ன நாயை வழுக்காத மேசை மேலோ மடியிலோ வைத்துக்கொள்ளுங்கள். பெரிய நாயைச் சுவர் மூலையில் உட்கார வைத்து, அதன் பக்கவாட்டில் நீங்கள் மண்டியிடுங்கள். பின்னால் நகர இடம் இருக்காது. எதிரில் நின்று மேலே கவிந்தால் மிரளும். தூங்கும் இடத்திலும் சாப்பிடும் இடத்திலும் கொடுக்காதீர்கள், அந்த இரண்டும் அதற்கு நிம்மதியான இடங்களாகவே இருக்கட்டும். "வா, வா" என்று ஆசையாகக் கூப்பிட்டு வாயில் மாத்திரையைப் போடுவதும் வேண்டாம். பிறகு கூப்பிட்டால் வராது. நீங்களே போய் அழைத்து வாருங்கள்.

மாத்திரையின் மேல் துளி வெண்ணெயோ எண்ணெயோ தடவுங்கள். கேப்சூலுக்கு இது கட்டாயம், ஈரம் பட்டதும் அது நாக்கில் ஒட்டிக்கொள்ளும். 5 மி.லி. சிரிஞ்சில் தண்ணீர் நிரப்பிப் பக்கத்தில் வையுங்கள்.

1. இடது கையை நாயின் மூக்குத்தண்டின் மேல் கவிழ்த்து வையுங்கள். கட்டை விரல் ஒரு பக்கமும் மற்ற விரல்கள் மறுபக்கமும் மேல் கோரைப் பற்களுக்குச் சற்றுப் பின்னால் வர வேண்டும். அங்கே பற்களுக்கிடையில் சிறு இடைவெளி உண்டு.
2. மூக்கு மேலே பார்க்கும்படி தலையை மெதுவாக உயர்த்துங்கள். கீழ்த்தாடை தானாகவே தளரும். கழுத்தைப் பின்னால் முறிக்கிற மாதிரி வளைக்க வேண்டாம்.
3. வலது கையின் கட்டை விரல், ஆள்காட்டி விரலுக்கு நடுவில் மாத்திரை. நடுவிரலைக் கீழ்த்தாடையின் முன்பற்கள் மேல் வைத்து அழுத்தினால் வாய் திறக்கும்.
4. நாக்கின் நடுக்கோட்டில், எவ்வளவு பின்னால் வைக்க முடியுமோ அவ்வளவு பின்னால், நாக்கு மேடேறும் இடத்துக்கு அப்பால் மாத்திரையை வைத்துவிட்டுக் கையை எடுங்கள். வைக்கத்தான் வேண்டும், எறியக் கூடாது. தொண்டைக்குள் விரலால் குத்தித் தள்ளவும் கூடாது.
5. வாயை மூடிப் பிடித்து, தலையைச் சாதாரண நிலைக்குக் கொண்டுவாருங்கள். தலை அண்ணாந்தே இருந்தால் விழுங்குவது கஷ்டம். தொண்டையை மேலிருந்து கீழாகத் தடவுங்கள், அல்லது மூக்கில் லேசாக ஊதுங்கள்.
6. நாய் நாக்கை நீட்டி மூக்கை நக்கினால் பெரும்பாலும் விழுங்கிவிட்டது என்று அர்த்தம்.
7. சிரிஞ்சால் கடைவாயில் 5 மி.லி. தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள், அல்லது சாப்பிட அனுமதி இருந்தால் ஒரு வாய் சாப்பாடு கொடுங்கள்.

ஏழாவது படியைத் தாண்டிவிடுவது வழக்கமாகிவிட்டது. விழுங்கிய மாத்திரை வயிற்றுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாகத்தான் நினைக்கிறோம். உண்மையில் உலர்ந்த மாத்திரை உணவுக்குழாயின் நடுவில் ஒட்டிக்கொண்டு அங்கேயே கரையலாம். டாக்ஸிசைக்ளின், கிளிண்டமைசின் இரண்டும் அப்படி ஒட்டினால் அந்த இடத்தைப் புண்ணாக்கும். ஆறும்போது தழும்பு இறுகிக் குழாயே குறுகிவிடக்கூடும். தண்ணீர் அதற்காகத்தான்.

மூக்கை நக்கிய நாயையும் உடனே விட்டுவிடாதீர்கள். மாத்திரையைக் கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்துக்கொண்டு, சாதுவாக வாலாட்டிவிட்டு, 2 நிமிடம் கழித்து சோஃபாவுக்குப் பின்னால் துப்பும் நாய்கள் உண்டு. கொஞ்ச நேரம் கண்காணியுங்கள். அந்த நேரத்தில் பிடித்த விளையாட்டோ தின்பண்டமோ கொடுங்கள். மூன்று தடவை முயன்றும் போகவில்லை என்றால் நிறுத்திவிட்டு அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். ஊறிப்போன மாத்திரையை மறுபடி மறுபடி திணித்தால் கசப்பு கூடுமே தவிர வேறு பலன் இல்லை.

பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களின் வாயை ரொம்ப நேரம் மூடிப் பிடிக்காதீர்கள், மூச்சுத் திணறும். விரலைக் கடிக்க வாய்ப்பிருந்தால் ஒரு முனையில் மாத்திரையைக் கவ்விப் பிடித்து மறுமுனையை அழுத்தினால் விடும் பிளாஸ்டிக் குழல் கிடைக்கிறது. அதையும் நாக்கின் பின்பகுதி வரைதான் கொண்டுபோக வேண்டும். உறுமிப் பல்லைக் காட்டும் நாயோடு பலப்பரீட்சை வேண்டாம். ஊசியாகவோ வேறு வடிவிலோ கொடுக்க வழி உண்டா என்று டாக்டரைக் கேளுங்கள். கூடை வடிவ வாய்ப்பூட்டுக்கு முன்பே பழக்கிய நாயாக இருந்தால் அதன் கம்பி இடைவெளி வழியே சிரப்பை விடலாம்.

சிரப் கொடுப்பது

ஸ்பூன் வேண்டாம். பாதி தரையில் சிந்தும், எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. ஊசி மாட்டாத சிரிஞ்சில் எடுங்கள். பாட்டிலை நன்றாகக் குலுக்குங்கள். அடியில் படிந்த மருந்து கலக்காவிட்டால் முதல் வாரம் வெறும் இனிப்புத் தண்ணீரும் கடைசி இரண்டு நாள் மொத்த மருந்தும் போகும். சிரிஞ்சில் காற்றுக்குமிழி இருந்தால் தட்டி வெளியேற்றிவிட்டு, கறுப்பு ரப்பரின் முன்விளிம்பு எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பாருங்கள். பின்விளிம்பு கணக்கில்லை.

நாயின் தலை நேராக, தரைக்கு இணையாக இருக்கட்டும். மாத்திரைக்குத் தலையைத் தூக்கினீர்களே, இங்கே தூக்கக் கூடாது. உதட்டோரத்தை வெளியே இழுத்தால் கன்னத்துக்கும் பற்களுக்கும் நடுவே சின்னப் பை மாதிரி இடம் விரியும். கோரைப் பல்லுக்குப் பின்னால் அந்தப் பைக்குள் சிரிஞ்ச் நுனியை வைத்து, 1 மி.லி. வீதம் விட்டு விட்டுச் செலுத்துங்கள். ஒவ்வொரு தடவையும் நாய் நக்கி விழுங்குவதைப் பார்த்துவிட்டு அடுத்ததை விடுங்கள்.

அண்ணாந்த வாயில் வேகமாகப் பீய்ச்சினால் மருந்து மூச்சுக்குழலுக்குள் போகும். நுரையீரலில் சேர்ந்த திரவம் நிமோனியாவில் கொண்டுபோய் விடும். இருமினால் உடனே நிறுத்தித் தலையைத் தாழ்த்த விடுங்கள். அன்றோ மறுநாளோ தொடர் இருமல், காய்ச்சல், வேகமான மூச்சு, சோர்வு தெரிந்தால் காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

தண்ணீர் சேர்த்துக் கரைக்கும் ஆன்டிபயாடிக் சிரப்புகளைப் பெரும்பாலும் ஃப்ரிட்ஜில்தான் வைக்க வேண்டும். கரைத்த தேதியைப் பாட்டிலில் எழுதி ஒட்டுங்கள். லேபிளில் சொன்ன நாள் தாண்டினால், பாட்டிலில் மிச்சம் இருந்தாலும் கொட்டிவிடுங்கள்.

நாய் நன்றாக இருக்கும் நாட்களிலேயே வெறும் சிரிஞ்சில் உப்புப் போடாத கறிச் சாறு ஊற்றி அவ்வப்போது நக்கக் கொடுத்துப் பழக்குங்கள். சிரிஞ்சைக் கண்டாலே நாக்கைச் சுழற்றிக்கொண்டு வரும் நாய்க்கு மருந்து கொடுப்பது ஒரு வேலையே இல்லை.

வாய் வழியாக எதுவும் கொடுக்கக் கூடாத நேரங்கள்: வலிப்பு வந்துகொண்டிருக்கும்போது, மயக்கமாகவோ மயக்க மருந்து தெளியாமலோ இருக்கும்போது, தொடர்ந்து வாந்தி எடுக்கும்போது, மூச்சு வாங்கும்போது, விழுங்கவே சிரமப்படும்போது.

கண் மருந்து

முதலில் கண்ணோரத்துப் பீளையை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். நாயின் பின்பக்கமாக இருந்து தாடையை ஏந்திக்கொள்ளுங்கள். எதிரிலிருந்து பாட்டில் வந்தால் கண்ணை இறுக்கிக்கொள்ளும். நெற்றிக்கு மேலிருந்து வந்தால் தெரியாது. மருந்து பிடித்த கையை அதன் நெற்றியில் ஊன்றுங்கள். நாய் தலையை ஆட்டினால் கையும் சேர்ந்து ஆடும், பாட்டில் நுனி கண்ணில் குத்தாது. மேல் இமையை லேசாகத் தூக்கி 1 சொட்டு. நுனி கண்ணிலோ முடியிலோ படக் கூடாது. பட்டால் கிருமி பாட்டிலுக்குள் போகும்.

இரண்டு வகைச் சொட்டு இருந்தால் நடுவில் 5 நிமிடம் விடுங்கள். இல்லாவிட்டால் இரண்டாவது முதலாவதைக் கழுவி வெளியேற்றிவிடும். களிம்பும் இருந்தால் அது கடைசியில்: கீழ் இமையை இழுத்து உள்ளே அரை செ.மீ. நீளத்துக்கு வைத்து, இமையை மூடித் திறக்க விடுங்கள்.

போன தடவை மிச்சமிருந்த கண் மருந்தை எடுத்துப் போடாதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்து, இந்தத் தடவை கருவிழியில் புண் இருந்தால், ஓரிரு நாளில் புண் ஆழமாகிவிடக்கூடும். சிவந்த கண் எல்லாம் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்.

காது மருந்து

நாயின் காதுக்குழாய் எல் வடிவம்: முதலில் நேராகக் கீழே இறங்கி, பிறகு உள்பக்கமாகத் திரும்புகிறது. மருந்து அந்த முக்கைத் தாண்ட வேண்டும். வெளியில் தெரியும் மடலில் இரண்டு சொட்டுப் போட்டுவிட்டு "குணமாகவே இல்லை" என்று சொல்வதற்குக் காரணம் இந்த வளைவு.

டாக்டர் காது கழுவும் திரவம் கொடுத்திருந்தால் முதலில் அது. மடலை நேராக மேலே தூக்கிப் பிடித்து, குழாய் நிறையும் அளவுக்கு ஊற்றுங்கள். காதின் அடிப்பகுதியில், தாடைக்குப் பின்னால், குழாய் கையில் உருண்டு தட்டுப்படும் இடத்தை 30 நொடி பிசைந்து விடுங்கள். சேற்றில் கால் வைத்த மாதிரி சளக் சளக்கென்று சத்தம் கேட்டால் சரியான இடத்தைப் பிடித்திருக்கிறீர்கள். விட்டதும் நாய் தலையை உதறும், அழுக்கு மேலே வரும், முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். விரலில் சுற்றிய பஞ்சால் விரல் எட்டும் வரை துடையுங்கள். காது குடையும் குச்சி வேண்டவே வேண்டாம்: அது அழுக்கை அந்த முக்குக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளும். கொஞ்சம் உலர்ந்த பிறகு மருந்தைப் போட்டு மறுபடியும் அதே மாதிரி பிசையுங்கள்.

சில காது மருந்துகள், செவிப்பறை கிழிந்திருந்தால் உள்ளே போய்க் கேட்கும் திறனையே கெடுத்துவிடும். ஜென்டாமைசின் அதில் ஒன்று. காதை உள்ளே பார்க்காமல் கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். மருந்து போட்டபின் தலை ஒரு பக்கம் சாய்ந்தாலோ தள்ளாடினாலோ உடனே நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள்.

உண்ணி மருந்தும் இன்சுலினும்

முதுகில் விடும் உண்ணிச் சொட்டைத் தோள்பட்டைகளுக்கு நடுவில், நாக்கு எட்டாத இடத்தில், முடியை வகிர்ந்து தோலில் விட வேண்டும். முடி மேல் ஊற்றினால் அது முடிக்குத்தான் மருந்து. முன்னும் பின்னும் 2 நாள் குளிப்பாட்டாமல் இருங்கள். பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி சேர்ந்த சொட்டு பூனைக்குக் கடும் விஷம். வீட்டில் பூனை இருந்தால் வேறு மருந்தைக் கேளுங்கள்.

இன்சுலினை டாக்டரோ நர்ஸோ முன்னால் போட்டுக் காட்டி, நீங்கள் போடுவதையும் அவர்கள் ஒருமுறை பார்த்த பிறகுதான் வீட்டில் தொடங்க வேண்டும். இங்கே ஒரே ஒரு எச்சரிக்கை: இன்சுலின் யு-40, யு-100 (1 மி.லி.யில் 40 யூனிட், 100 யூனிட்) என்று இரண்டு செறிவுகளில் வருகிறது, சிரிஞ்சும் அதற்கேற்பத் தனித்தனி. யு-100 இன்சுலினை யு-40 சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போய்விடும். நாய் சாப்பிடாத வேளையில் வழக்கமான அளவைப் போடும் முன் டாக்டரிடம் கேளுங்கள்.

வேளை தவறினால், வாந்தி எடுத்தால்

கொஞ்ச நேரத்திலேயே ஞாபகம் வந்தால் உடனே கொடுக்கலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் பழையதை விட்டுவிடுங்கள். விட்டதற்கும் சேர்த்து இரட்டிப்பாகக் கொடுப்பது எந்த மருந்திலும் கிடையாது. வலிப்பு மருந்தான ஃபீனோபார்பிட்டால், இதய மருந்துகள், இன்சுலின் ஆகியவற்றில் மட்டும் சொந்தமாக முடிவெடுக்காமல் கேட்டுவிடுங்கள். ஃபீனோபார்பிட்டாலைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பே திரும்ப வரும். பல நாள் கொடுத்த ஸ்டீராய்டையும் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். ஸ்டீராய்டு கொடுக்கும்போது நாய் நிறையத் தண்ணீர் குடிக்கும், அடிக்கடி மூத்திரம் போகும். தண்ணீரைக் குறைக்காதீர்கள், வெளியே கூட்டிப்போகும் தடவையைக் கூட்டுங்கள்.

மருந்து போன சில நிமிடத்தில் வாந்தி எடுத்தால், வாந்தியில் மாத்திரை முழுதாகக் கிடக்கிறதா என்று பாருங்கள். மறுபடி கொடுக்கலாமா என்பது மருந்தைப் பொறுத்தது, அதைக் கேட்டே செய்யுங்கள்.

வீட்டிலிருக்கும் மனித மருந்துகள்

வலி மருந்துகளான இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், நாப்ராக்ஸன் மூன்றும் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் தாக்கும். பாராசிட்டமால் கல்லீரலையும் ரத்தச் சிவப்பணுக்களையும் கெடுக்கும். "குழந்தைக்குக் கொடுக்கிற சிரப்தானே" என்பது இங்கே செல்லாது. அதில் சைலிட்டாலும் இருக்கலாம். கோலி இன நாய்கள் பலவற்றுக்கும், அந்த ரத்தம் கலந்த சிலவற்றுக்கும் எம்டிஆர்1 என்ற மரபணுவில் குறை உண்டு. பேதிக்கு மனிதர்கள் போடும் லோபராமைடும், அதிக அளவு ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்தும் அவற்றின் மூளைக்குள் போய்த் தேங்கிவிடும்.

நாய்க்கென்றே சுவை சேர்த்த மாத்திரைகளில் வேறொரு வம்பு உண்டு. நாய்க்கு அவை தின்பண்டம். டப்பாவை மேசையில் விட்டுப் போனால் மூடியோடு கடித்து மொத்தத்தையும் தின்றுவிடும். கதவுள்ள அலமாரியில், உயரத்தில் வையுங்கள்.

அப்படித் தின்றுவிட்டாலோ, ஒரே வேளை மருந்தை இரண்டு பேரும் கொடுத்துவிட்டாலோ, உப்புக் கரைத்து ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அதிக உப்பே நாயைக் கொல்லும். அட்டையையோ டப்பாவையோ கையில் வைத்துக்கொண்டு டாக்டருக்கு ஃபோன் செய்யுங்கள். அவர் கேட்கப்போவது இவைதான்: மருந்தின் பெயர், ஒரு மாத்திரையில் எத்தனை மி.கி., எத்தனை காணவில்லை, எத்தனை மணிக்கு, நாயின் எடை எவ்வளவு, இப்போது எப்படி இருக்கிறது. இன்னும் ஒன்றும் ஆகவில்லையே என்று காத்திருக்காதீர்கள். வாந்தி எடுக்க வைத்து மருந்தை வெளியேற்றப் பெரும்பாலும் முதல் ஓரிரு மணி நேரம்தான் அவருக்குக் கிடைக்கும்.